மாமாவின் பழைய க்ரில்: பிரித்துப் பூட்டுவதா, புதுசு வாங்குவதா?

அமெரிக்காவில் மே மாதக் கடைசித் திங்களன்று மெமோரியல் டே விடுமுறை. அதற்கு ஒரு மாதம் முன்பே கடை வாசல்களில், வீட்டுக்கு வெளியே வைத்துக் கோழியும் மீனும் சுடும் கேஸ் க்ரில்கள் புத்தம்புதுசாக வரிசை கட்டிவிடும். பனிக்காலம் முழுக்க உறை போர்த்திக் கிடந்த பழைய க்ரிலை வீடுகளில் திறந்து பார்ப்பதும் அதே வாரங்களில்தான். உள்ளே துரு, எண்ணெய்ப் பிசுக்கு, சமயத்தில் எலிக்கூடு. 'தூக்கிப் போட்டுட்டு ஒண்ணு வாங்கிடலாமே' என்று யாராவது சொல்வார்கள். பல க்ரில்கள் விஷயத்தில் அது சரியான யோசனைதான். சில க்ரில்கள் விஷயத்தில் மட்டும் அது நஷ்டக் கணக்கு. எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் வந்து சேர்ந்தது வெபர் கம்பெனியின் ஜெனிசிஸ் 1000 என்ற கேஸ் க்ரில். நியூ ஜெர்சி எடிசனில் என் தாய்மாமா 1990களின் நடுவில் வாங்கியது. மாமா வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறார். அங்கே இதை வைக்க முடியாது. "மாப்ளே, எடுத்துட்டுப் போறியா, இல்ல ரோட்டோரம் வெச்சிடட்டுமா?" என்று கேட்டார். அத்தைக்கு இரண்டாவதுதான் விருப்பம். அந்த ஒரு கேள்விக்குள் நிஜமாக நான்கைந்து வழிகள் இருந்தன: பத்திரமாக எரியும் அளவுக்கு மட்டும் பழுது பார்ப்பது, முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது, மலிவாகப் புதுசு வாங்குவது, நல்லதாகப் புதுசு வாங்குவது, கேஸையே விட்டுவிட்டு வேறு அடுப்புக்குப் போவது.

எந்தப் பழைய க்ரில் என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம். 1952இல் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், சிகாகோவில் தான் வேலை பார்த்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் கடல் மிதவைக்கான உருண்டையைப் பாதியாக வெட்டி, மூடி போட்ட கரி அடுப்பாக்கினார். அந்தக் கம்பெனி 1985இல் கொண்டுவந்த கேஸ் க்ரில்தான் ஜெனிசிஸ். அதற்கு முந்தைய கேஸ் க்ரில்களில் பர்னருக்கு மேலே லாவா கற்களைப் பரப்பியிருப்பார்கள். கொழுப்பு அந்தக் கல்லில் ஊறி ஊறி, ஒரு நாள் குப்பென்று பற்றும். ஜெனிசிஸில் கல்லுக்குப் பதிலாகக் கூரை வடிவில் மடித்த தகடுகள்; 'ஃப்ளேவரைசர் பார்' என்பார்கள். சொட்டும் கொழுப்பு தகட்டில் பட்டுப் புகையாகும், மிச்சம் வழிந்து கீழே தட்டில் விழும். பர்னரின் மேல் நேராக விழாது. இன்று கடையில் இருக்கும் கேஸ் க்ரில்கள் பலவும் ஏதோ ஒரு வடிவில் இதே ஏற்பாட்டைத்தான் வைத்திருக்கின்றன.

அந்தக் காலத்து ஜெனிசிஸில் தீப்பெட்டி, அதாவது பர்னர்கள் உட்கார்ந்திருக்கும் அடிப்பெட்டி, வார்ப்பு அலுமினியம். துருப் பிடிக்காது. மூடி, எனாமல் சுட்ட எஃகு. இவை இரண்டும்தான் க்ரில். மற்றதெல்லாம் தேய்மானப் பொருள்: பர்னர், தகடுகள், உணவை வைத்துச் சுடும் கம்பி வலை, குழாய், ரெகுலேட்டர், தீயைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், பக்கப் பலகை. மாமா வீட்டில் அத்தனை கோடைகளிலும் கோழி சுட்டது அந்தப் பெட்டியும் மூடியும்தான். பர்னர் ஏற்கெனவே மாற்றியதுதான். குடும்பச் சொத்து என்று எதையாவது கட்டிக்காக்க வேண்டுமென்றால் அவை இரண்டை மட்டும் காத்தால் போதும்.

ஆகவே பணத்தை எண்ணுவதற்கு முன் நான்கு சோதனைகள். இதில் தோற்றால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், நேராகப் புதுசுதான்.

முதலில் பெட்டி. உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, சுரண்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது அலுமினியத்தின் ஆக்சைடு, பயமில்லை. வெடிப்போ ஓட்டையோ இருந்தால், முக்கியமாக மூடியின் கீல் பக்கமும் பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுப் பக்கமும், விட்டுவிடுங்கள். அடுத்து சட்டம். கால்கள் எஃகு, அதனால் கீழிருந்து மேலாகத் துரு ஏறும். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். உள்ளே போனால் அந்தச் சட்டம் முடிந்தது. எரியும் அடுப்பையும் சிலிண்டரையும் சுமக்கிற சட்டம் அது.

மூன்றாவது, யாரிடமாவது பழையதை வாங்கினால் கட்டாயம் பார்க்க வேண்டியது: அது சிலிண்டரில் வரும் ப்ரொப்பேனுக்கான க்ரிலா, இயற்கை எரிவாயு க்ரிலா. இங்கே பல வீடுகளில் சுவரிலிருந்தே எரிவாயுக் குழாய் வரும். அதற்கான க்ரிலில் கேஸ் வெளிவரும் பித்தளைத் துளை பெரிது, ஏனென்றால் ஒரு கன அடி இயற்கை எரிவாயுவில் சுமார் 1,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) சூடுதான், ப்ரொப்பேனில் 2,500. பெரிய துளையில் ப்ரொப்பேனை விட்டால் தீ எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான்காவது, உதிரி பாகம். மாடல் எண்ணைத் தேடுங்கள். பர்னரும் தகடும் அளவோடு கிடைத்தால் சரி. கிடைக்கவில்லையென்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய இரும்புதான்.

இந்த நான்காவது சோதனையில்தான் பெரும்பாலான க்ரில்கள் விழும். பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் மாடல்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். தயாரிப்பவரே மாறிவிடுவார். பத்து வருடம் கழித்து அதற்குப் பொருந்தும் பர்னரைத் தேடுவது வீண் வேலை. ஜெனிசிஸ் பல ஆண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் லட்சக்கணக்கில் விற்றதால், வெபரின் பாகங்கள் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனிகள் அதே அளவில் செய்து விற்கின்றன. நான் பழையதன் பக்கம் சாய்ந்ததற்கு இது பெரிய காரணம். மாமா மேல் உள்ள பாசமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

செத்துவிட்டதாக நினைத்துத் தூக்கிப் போடும் க்ரில்களில் ஒரு பகுதி உண்மையில் சாகவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'எல்லா பர்னரையும் முழுசாகத் திறந்தும் 300 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டவில்லை' என்பது அடிக்கடி கேட்கும் புகார். சிலிண்டரில் கையால் திருகி மாட்டும் கருப்பு இணைப்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. குழாய் பிய்ந்து கேஸ் பாய்கிறது என்று அதற்குத் தோன்றினால் ஓட்டத்தை ஒரு சொட்டு அளவுக்குக் குறைத்துவிடும். நாம் பர்னர் குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு சிலிண்டர் வால்வைச் சடாரெனத் திறந்தாலும் அது அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மூடி, இணைப்பைக் கழற்றி, சில நிமிடம் விட்டு, மறுபடி மாட்டி, சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, அப்புறம் பர்னரைப் பற்றவைத்தால் பல க்ரில்கள் உயிர்த்தெழும். ஐந்து பைசா செலவில்லை. ரோட்டோரம் வைப்பதற்கு முன் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

பத்திரமாக எரிய வைப்பது மட்டும்

சிலிண்டரிலிருந்து பர்னர் வரைக்கும் கேஸ் போகும் பாதையை மட்டும் சரி செய்வது. நரைத்த பக்கப் பலகை, மங்கிய பெயின்ட், எதையும் தொட வேண்டாம்.

இந்தப் பாதை சிலிண்டரில் தொடங்குகிறது. இங்கே சாதாரண சிலிண்டர் 20 பவுண்டு ப்ரொப்பேன் பிடிக்கும், அதாவது 9 கிலோ. ஊரில் 14.2 கிலோ சிலிண்டரைத் தோளில் வைத்து ஏற்றுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது பொம்மை மாதிரி இருக்கும். 2002 ஏப்ரலிலிருந்து, அளவுக்கு மேல் நிரம்பாமல் தடுக்கும் வால்வு இல்லாத சிலிண்டரை நிரப்பக்கூடாது என்று தீப்பாதுகாப்பு நெறிமுறை வந்துவிட்டது. வால்வின் கைப்பிடி முக்கோணமாக இருந்தால் புதியது. வட்டமாகவோ நட்சத்திரம் போலவோ இருந்தால் பெரும்பாலும் பழையது. தயாரித்த தேதி கழுத்துப் பட்டையில் பொறித்திருக்கும். அதிலிருந்து 12 ஆண்டுகளில் மறுசோதனை செய்தாக வேண்டும், கனடாவில் 10 ஆண்டு. மாமாவின் சிலிண்டர் இந்தக் கணக்கு எதிலும் தேறவில்லை.

அடுத்தது ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும். இதில் பேரமே கிடையாது. பழைய க்ரில் என்றால் இவை இரண்டும் மாற வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய க்ரில்களில் சிலிண்டருக்குள் இடப்பக்கமாகத் திருகிச் செருகும் பித்தளை இணைப்பு இருக்கும். இன்றைய சிலிண்டரிலும் அது மாட்டும் என்பதுதான் சிக்கல். மாட்டுவதால் சரி என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் முன்பு சொன்ன அந்தக் காவலும், தீப்பிடித்தால் உருகி கேஸை நிறுத்தும் ஏற்பாடும் அதில் இல்லை. கருப்புக் கைதிருகு வைத்த புதிய குழாய், ரெகுலேட்டரோடு சேர்த்து, இரண்டு பேர் வெளியே சாப்பிடும் செலவுதான்.

அப்புறம் பர்னர். இங்கே ஒரு விசித்திரமான எதிரி இருக்கிறது: சிலந்தி. பர்னர் குழாயின் வாய்ப்பக்கம் காற்று நுழையும் இடத்தில் சிறு சிலந்திகள் வலை கட்டும். வலை அடைத்தால் கேஸ் முன்னால் போக முடியாமல் பின்பக்கமாக வழிந்து, குமிழ்களுக்குக் கீழே பற்றிக்கொள்ளும். க்ரில்களில் குழாய் வாயில் சின்ன கம்பி வலை போட்டிருப்பது இதற்காகத்தான். பழைய க்ரிலில் அது துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். பர்னரைக் கழற்றி, நீண்ட மெல்லிய பிரஷ் விட்டுச் சுத்தம் செய்யலாம். சுடர்த் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி எடுக்கலாம். டிரில் போட்டுப் பெரிதாக்கக்கூடாது. இரண்டு துளை ஒன்றாகி நீளமாகக் கிழிந்திருந்தால் அந்த பர்னர் போயிற்று. ஜெனிசிஸ் 1000இல் மூன்று பர்னரும், அவற்றை இணைக்கும் குறுக்குக் குழாயும் ஒரு தொகுப்பாகவே கிடைக்கும்.

எல்லாம் பூட்டியதும் சோப்புத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, பர்னர்களை மூடி வைத்து, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி வைத்துப் பார்க்கும் வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ப்ரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். அதனால்தான் சிலிண்டரை பேஸ்மென்ட்டிலோ கராஜிலோ வைக்கக்கூடாது என்கிறார்கள்.

பொத்தான் அழுத்தினால் பொறி வரவில்லை என்பதைப் பெரிய குறையாக எடுக்க வேண்டாம். நீளக் கைப்பிடி லைட்டர் போதும்.

இந்த வழியின் நல்ல பக்கம்: ஒரு சனிக்கிழமை மதியம், பர்னர் தொகுப்பையும் சேர்த்தால் சுமார் 100 டாலர். கெட்ட பக்கம்: பார்க்க அப்படியே பழசாகத்தான் இருக்கும், தகடுகளும் வலையும் இன்னும் ஒரு கோடை தாங்குமா என்பது தெரியாது. மாமாவுக்கு இந்த வழி போதும் என்று தோன்றியது. அத்தைக்கு இல்லை.

முழுசாகப் பிரித்துப் புதுப்பிப்பது

இது ஒரு பொழுதுபோக்கு. அப்படி ஒப்புக்கொண்டு இறங்கினால் ஏமாற்றமில்லை. மிச்சம் பிடிப்பதற்காக இறங்கினால் பாதியில் வெறுத்துப்போகும்.

முதல் தடை போல்ட்டுகள். அலுமினியப் பெட்டியில் எஃகு போல்ட்டு, நடுவில் இத்தனை வருட ஈரமும் உப்பும். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்து, போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டு, கொஞ்சம் சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும். பலத்தைக் காட்டினால் தலை துண்டாகும், அப்புறம் டிரில்தான். திரும்பப் பூட்டும்போது ஸ்டெயின்லெஸ் போல்ட்டும், இறுகாமல் தடுக்கும் பசையும் போட்டுப் பூட்டினால் அடுத்து பிரிப்பவர் வாழ்த்துவார்.

இரண்டாவது, சுத்தம். பலர் இங்கே 'ஓவன் க்ளீனர்' ஸ்ப்ரேயை எடுத்து அடிப்பார்கள். அதன் முக்கிய வேலையாள் காஸ்டிக் சோடா, அது அலுமினியத்தை அரிக்கும். 'அலுமினியத்தில் உபயோகிக்காதீர்' என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். பெயின்ட் சுரண்டும் பிளாஸ்டிக் கத்தி, சுடுதண்ணீர், சோப்பு, பொறுமை: இவை போதும். மூடியின் உள்பக்கம் கருப்பாகப் பொரிந்து உதிர்வது பெயின்ட் இல்லை, கரியாகிப்போன கொழுப்பு. சுரண்டிவிட வேண்டியதுதான். கம்பி பிரஷ் போடுகிறவர்கள் அதன் முடி ஒன்றுகூட வலையில் ஒட்டியிருக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது சாப்பாட்டோடு தொண்டைக்கும் குடலுக்கும் போய்க் குத்திய சம்பவங்களைப் பற்றி 2012இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே எழுதி எச்சரித்தது. நான் மரச் சுரண்டிக்கு மாறிவிட்டேன்.

மூன்றாவது, மேற்பூச்சு. அலுமினியப் பெட்டியின் வெளிப்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் உயர்வெப்ப பெயின்ட் கிடைக்கிறது. உள்பக்கம் அடிக்கக்கூடாது. எனாமல் மூடியைத் தேய்க்கவே வேண்டாம். அது கண்ணாடி மாதிரி சுட்டுப் பிடித்த பூச்சு, உப்புத்தாள் போட்டால் ஒளி போனது போனதுதான். கழுவி மெருகேற்றினால் முப்பது வருடத்து மூடி வியப்பாக மின்னும்.

பணம் போகும் இடம் தகடுகளும் வலையும். எனாமல் பூசிய எஃகுத் தகடு மலிவு. எனாமல் ஓரிடத்தில் சிதறினால் அங்கிருந்து துரு ஓடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் விலை கூடுதல், ஆனால் வருடக்கணக்கில் நிற்கும். 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் எழுதி விற்பதில் பெரும்பாலும் 430 ரகம் இருக்கும். காந்தம் வைத்துப் பாருங்கள்: 430இல் ஒட்டும், 304இல் ஒட்டாது அல்லது லேசாக இழுக்கும். வலைக்கு, தயிரும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்த கோழியை அதிகம் சுடும் வீடு என்றால், 304 கம்பி வலைதான் என் தேர்வு. வார்ப்பிரும்பு நன்றாகச் சூடு பிடிக்கும், ஆனால் தயிரின் புளிப்பும் உப்பும் அதற்கு ஆகாது. எண்ணெய் காட்டிப் பராமரிக்கிறவர்களுக்கு மட்டும் அது.

எல்லாம் சேர்த்து 200இலிருந்து 300 டாலர், ஸ்டெயின்லெஸ் பக்கம் போனால் மேலேயும் போகும். பக்கப் பலகைக்கு நல்ல தேக்கு போட ஆசை வந்தால் கணக்கை மூடி வைத்துவிடுவது நல்லது. செலவைக் குறைக்க ஒரு குறுக்கு வழி உண்டு: அதே மாடலை இன்னொருவர் 30, 50 டாலருக்கு விற்பார், சில சமயம் சும்மாவே கொடுப்பார். இரண்டைப் பிரித்து ஒன்றாக்குவது. நல்ல யோசனைதான். கராஜில் இரண்டாவது பிணத்தைப் பல மாதம் வைத்திருக்க வீட்டில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

மலிவாகப் புதுசு

200 டாலரை ஒட்டிய விலையில் நான்கு பர்னர், பக்க அடுப்பு, பளபளக்கும் முகப்பு எல்லாம் வந்துவிடும். தட்டிப் பார்த்தால் தகரச் சத்தம் வரும். மெல்லிய எஃகுப் பெட்டி என்பதால் சூடு நிற்காது, மூடியைத் திறந்ததும் இறங்கிவிடும். துரு முதலில் தொடங்குவதும் பெட்டியில்தான், ஆக அதைப் பழுது பார்த்துப் பயனில்லை. பழைய ஜெனிசிஸை முழுசாகப் புதுப்பிக்கும் பணத்துக்கு இதை வாங்கலாம் என்பதுதான் பலரையும் குழப்பும் கணக்கு. விலை ஒன்று, பொருள் ஒன்றில்லை.

ஆனாலும் இதை முற்றிலும் ஒதுக்க மாட்டேன். வாடகை வீட்டில் இரண்டு வருடம் இருக்கப் போகிறவர், வருடத்தில் நான்கு முறை சோளமும் பர்கரும் சுடுகிறவர், இதை வாங்கிவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம். பக்க அடுப்பு என்பது தமிழ் வீடுகளுக்குச் சின்ன விஷயமும் இல்லை. கருவாடோ மத்தியோ வறுத்தால் மரவீட்டில் அந்த வாசம் திரைச்சீலையில் ஏறி நாள்கணக்கில் இருக்கும், புகை அலாரமும் கத்தும். வெளியே வறுத்து எடுப்பதற்காகவே க்ரில் வாங்கிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஜெனிசிஸ் 1000இல் பக்க அடுப்பு இல்லை. வலையின் மேல் வார்ப்பிரும்பு வாணலியை வைத்து அத்தை சமாளித்தார், பாராட்டவில்லை.

நல்லதாகப் புதுசு

இன்றைய ஜெனிசிஸ் மூன்று பர்னர் மாடல் ஆயிரம் டாலரை ஒட்டி வருகிறது, அதன் தம்பியான ஸ்பிரிட் அதில் பாதிக்கு. இவற்றிலும் பெட்டி வார்ப்பு அலுமினியம்தான். பொறி உடனே வருகிறது, உத்தரவாதம் இருக்கிறது, யாரும் போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். நேரமில்லாதவர்களுக்கு இதுதான் நேர்மையான பதில். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சமையலில் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய ஜெனிசிஸில் பர்னர்கள் இடமிருந்து வலமாகப் படுத்திருக்கும்: முன், நடு, பின். 2011 வாக்கில் வந்த மாடல்களிலிருந்து குமிழ்கள் முன்பக்கம் வந்தன, பர்னர்கள் முன்னிருந்து பின்னாகத் திரும்பின. முழுக்கோழியை நேரடித் தீ இல்லாமல் வேகவைக்க, பழையதில் முன்னும் பின்னும் எரித்து நடுவை அணைத்தால் நீளமான இடம் கிடைக்கும். புதியதில் ஒரு பக்கம் முழுக்கச் சூடாகவும் மறுபக்கம் மிதமாகவும் வைத்து, இங்கே கத்தரிக்காயைச் சுட்டு அங்கே பனீரை வாட்டலாம். எனக்குப் பழைய ஏற்பாடு பிடிக்கும். இரண்டு வகைச் சமையலை ஒரே நேரம் நடத்தும் வீட்டுக்குப் புதியது வசதி. வாங்குவதானால் மே மாதம் வேண்டாம். செப்டம்பர் முதல் திங்கள், லேபர் டே தாண்டியதும் கடைகள் இடத்தைக் காலி செய்ய விலையை இறக்கும்.

கேஸையே விட்டுவிடுவது

கரி அடுப்பின் ருசிக்கு இணையில்லை, வார நாள் மாலையில் அதைப் பற்றவைக்கும் பொறுமையும் எனக்கில்லை. மரத்தூள் குச்சிகளை எரிக்கும் பெல்லட் க்ரில் மெதுவாகப் புகையூட்டுவதில் கில்லாடி. அதற்கு மின்சாரம் வேண்டும், அதிரடிச் சூட்டில் கொஞ்சம் சுணக்கம். நம் வீட்டு மீனுக்கும் கோழிக்கும் தேவை சூடு.

அடுக்குமாடிக்காரர்களுக்கு இது ருசிப் பிரச்சினை இல்லை, சட்டப் பிரச்சினை. பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ நெறிமுறைப்படி, அடுக்குமாடியில் எரியக்கூடிய பொருளால் ஆன பால்கனியிலோ, அப்படிப்பட்ட சுவரிலிருந்து 10 அடிக்குள்ளோ தீ எரியும் க்ரில் கூடாது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு, தண்ணீர் தெளிப்பான் பொருத்திய கட்டிடங்களுக்கும் உண்டு. ஆனால் 20 பவுண்டு சிலிண்டருக்கு அடுக்குமாடி பால்கனியில் அநேகமாக இடமில்லை. அங்கே மின்சார க்ரில்தான். மாமா அதைத்தான் வாங்கப் போகிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. தனி வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: நியூ ஜெர்சியில் பல வீடுகளின் வெளிச்சுவரில் வினைல் (பிளாஸ்டிக்) பலகை ஒட்டியிருக்கும், க்ரிலைப் பக்கத்தில் வைத்தால் அது அலையலையாக உருகும். புதிய க்ரிலா பழையதா என்று அது பார்ப்பதில்லை.

நான் எடுத்த முடிவு

முதல் வழிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நின்றேன். கேஸ் பாதை முழுக்கப் புதுசு: சிலிண்டர், குழாய், ரெகுலேட்டர், பர்னர் தொகுப்பு. தகடுகளும் வலையும் 304. பெட்டியைச் சட்டத்திலிருந்து கழற்றவில்லை. போல்ட்டுகள் பிடித்திருந்தன, கால்கள் உறுதியாக இருந்தன, அதைத் தொந்தரவு செய்ய வேண்டிய அவசியம் தெரியவில்லை. பெயின்ட் அடிக்கவில்லை. பக்கப் பலகை நரைத்துப்போயிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். செலவு மலிவான புது க்ரில் விலையைத் தாண்டியது, நல்ல புது க்ரிலின் மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை.

இதே க்ரிலின் கால் துருவில் இற்றுப்போயிருந்தால் புது ஸ்பிரிட் வாங்கியிருப்பேன். இது பெயர் தெரியாத கடை மாடலாக இருந்திருந்தால் குழாய்க்குக்கூடக் காசு போட்டிருக்க மாட்டேன். மாமாவிடம் சொன்னபோது, "அப்ப பெயருக்காகத்தான் காப்பாத்தினியா மாப்ளே?" என்றார். பெயருக்காக இல்லை மாமா, பர்னர் கிடைக்கிறதே, அதற்காக என்றேன்.

தூக்கிப் போடுவதென்று தீர்மானித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிலிண்டரைக் குப்பையோடு வைக்கக்கூடாது, காலியாக இருந்தாலும். கடை வாசல்களில் கூண்டில் அடுக்கியிருக்கும் சிலிண்டர் மாற்று நிலையங்கள் பலவற்றில் தேதி கடந்ததையும் வாங்கிக்கொண்டு நிரப்பியதைக் கொடுப்பார்கள். பழைய சிலிண்டரை ஒழிக்க இதுவே சுலபமான வழி. மாற்றுச் சிலிண்டரில் பெரும்பாலும் 20 பவுண்டு இருக்காது, 15 பவுண்டு அளவில்தான் நிரப்புகிறார்கள். அதனால் அடுத்த முறையிலிருந்து எடை போட்டு நிரப்பும் இடத்துக்குப் போவது லாபம். வார்ப்பு அலுமினியப் பெட்டியைத் தனியே கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டால் எஃகைவிட நல்ல விலை கிடைக்கும். மூடியை மட்டும், எனாமல் நன்றாக இருந்தால், இணையச் சந்தையில் போட்டுப் பாருங்கள். அதே மாடலை எங்கோ ஒருவர் கராஜில் பிரித்துப் போட்டுவிட்டு மூடி தேடிக்கொண்டிருப்பார்.